லாராவெலில் .என்வ் மாற்றியும் பழைய மதிப்பே வருகிறது: எந்தக் கேஷை அழிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இதுதான். லாராவெலில் (பிஎச்பி மொழிக்கான நிரல் கட்டமைப்பு) ஓடும் தளத்தின் மெயில் பாஸ்வேர்டை, அமைப்புகளை வைத்திருக்கும் .என்வ் ஃபைலில் மாற்றினீர்கள். கேஷை (வேகத்துக்காகச் சேமித்துவைத்த பிரதி) அழிக்க கேஷ்:கிளியர் ஓட்டினீர்கள், அழித்தாயிற்று என்று பச்சை எழுத்தில் பதிலும் வந்தது. ஆனால் மெயில் இன்னும் 535 பிழையோடு (மெயில் சர்வர் பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்ற செய்தி) திரும்புகிறது. ஆளுக்கொரு கட்டளை சொல்கிறார்களே, எல்லாவற்றையும் ஒரு ரூட்டில் (தளத்தின் ஒரு யூஆர்எல் முகவரியில்) போட்டு பிரவுசரிலிருந்தே ஓட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கேஷை அழிப்பது பற்றி இருந்தாலும், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது அந்தப் பழைய பாஸ்வேர்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். இடம் தெரிந்துவிட்டால் கட்டளை ஒரு வரி.

அவசரத்துக்குப் பதில்: ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் முதலில் கான்ஃபிக்:கேஷ் ஓட்டுங்கள், பிறகு பிஎச்பி-எஃப்பிஎம் சர்வீஸை (பிரவுசர் கோரிக்கைகளுக்கு பிஎச்பியை ஓட்டுவது) ரீலோட் செய்யுங்கள், கடைசியாக க்யூ:ரீஸ்டார்ட் ஓட்டுங்கள். இதே வரிசையில். பெரும்பாலும் இதோடு தீரும். (கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதுகிறேன், லாராவெல் கட்டளை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘பிஎச்பி ஆர்ட்டிசன்’ உண்டு, நடுவில் வரும் முக்காற்புள்ளியை அப்படியே தட்டவும்.) தீரவில்லை என்றாலும், ஏன் இந்த மூன்று, ஏன் இந்த வரிசை என்று தெரிய வேண்டுமென்றாலும் மேலே படியுங்கள்.

கேஷ்:கிளியர் என்ற பெயர்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. அது கான்ஃபிகரேஷனை, அதாவது அமைப்புகளை, தொடவே தொடாது. உங்கள் நிரல் கேஷ்::ரிமெம்பர் மாதிரியான அழைப்புகளால் சேமித்துவைத்த தரவை மட்டும், அதுவும் டீஃபால்ட் ஸ்டோரில் உள்ளதை மட்டும் அழிக்கும். கான்ஃபிகரேஷன், ரூட், ஈவென்ட் ஆகியவற்றின் கேஷ் எல்லாம் பூட்ஸ்ட்ராப்/கேஷ் ஃபோல்டரில் சாதாரண பிஎச்பி ஃபைல்களாக இருக்கின்றன: கான்ஃபிக்.பிஎச்பி, ரூட்ஸ்-வி7.பிஎச்பி, ஈவென்ட்ஸ்.பிஎச்பி. அதே ஃபோல்டரில் பேக்கேஜ்கள் பற்றிய சர்வீசஸ்.பிஎச்பி, பேக்கேஜஸ்.பிஎச்பி என்ற இரண்டும் உண்டு. பக்கங்களுக்கான பிளேட் டெம்ப்ளேட்டுகள் பிஎச்பியாக மாறி ஸ்டோரேஜ்/ஃபிரேம்வொர்க்/வியூஸ் ஃபோல்டரில் கிடக்கும். ஃபைல் டிரைவர் வைத்திருந்தால் நிரலின் கேஷ் தரவு ஸ்டோரேஜ்/ஃபிரேம்வொர்க்/கேஷ்/டேட்டா ஃபோல்டரில். இதில் கேஷ்:கிளியர் கை வைப்பது கடைசியாகச் சொன்னதில் மட்டும். லாராவெல் 11 முதல் புது ப்ராஜெக்டில் டீஃபால்ட் ஸ்டோர் டேட்டாபேஸ் என்பதால், அங்கே அது ‘கேஷ்’ என்ற டேபிளைக் காலி செய்யும்.

இப்போது உங்கள் பாஸ்வேர்டுக்கு வருவோம். கான்ஃபிக்:கேஷ் ஓட்டும்போது லாராவெல், கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் படித்து, அவற்றில் உள்ள என்வ்() அழைப்புகளுக்கு அந்த நேரத்து மதிப்பை நிரப்பி, ஒரே பெரிய அரேயாக கான்ஃபிக்.பிஎச்பியில் எழுதிவிடுகிறது. அந்த ஃபைல் இருக்கும்வரை .என்வ் ஃபைலை லாராவெல் திறந்துகூடப் பார்க்காது. நீங்கள் .என்வ்-இல் எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. சந்தேகம் இருந்தால் பூட்ஸ்ட்ராப்/கேஷ்/கான்ஃபிக்.பிஎச்பியைத் திறந்து ‘பாஸ்வேர்ட்’ என்று தேடுங்கள். பழைய பாஸ்வேர்ட் எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்கும். (இந்த ஃபைலை கிட் என்ற நிரல் களஞ்சியத்தில் ஏற்றக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.) இதை முன்பு யார் உருவாக்கியிருப்பார்கள் என்று கேட்டால், டிப்ளாய் ஸ்கிரிப்டில் (நிரலை சர்வரில் ஏற்றும் கட்டளைத் தொகுப்பு) ‘ஆப்டிமைஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்தக் கட்டளை உள்ளுக்குள் கான்ஃபிக்:கேஷையும் ஓட்டுகிறது.

இதன் பக்க விளைவு ஒன்று நிறையப் பேரை அலைக்கழிக்கிறது. கான்ஃபிகரேஷன் கேஷ் ஆனபின் கன்ட்ரோலரிலோ மாடலிலோ நேரடியாக என்வ்() எழுதியிருந்தால் அது ‘நல்’ (வெற்று மதிப்பு) கொடுக்கும், ஏனென்றால் .என்வ் படிக்கப்படவே இல்லை. சர்வரின் நிஜமான சூழல் மாறிகள் மட்டும் அதற்குத் தெரியும். உள்ளூர் கணினியில் ஓடுகிறது, சர்வரில் பேமென்ட் கீ காலியாக வருகிறது என்ற புலம்பல்களில் பல இந்த வகை. அப்போது கான்ஃபிக்:கிளியர் ஓட்டினால் உடனே சரியாகும். அதைப் பார்த்து, கேஷ் செய்வதே வம்பு என்று முடிவுகட்டி அப்படியே விட்டுவிடுகிறார்கள். சரியான வைத்தியம் வேறு: கான்ஃபிக் ஃபோல்டருக்கு வெளியே எங்கும் என்வ்() இருக்கக் கூடாது. ஆப் ஃபோல்டரிலும் ரிசோர்சஸ், ரூட்ஸ் ஃபோல்டர்களிலும் என்வ்( என்று கிரெப் போட்டுத் தேடி, ஒவ்வொன்றையும் கான்ஃபிக்/சர்வீசஸ்.பிஎச்பிக்கு நகர்த்தி, நிரலில் கான்ஃபிக்() வழியாக எடுங்கள். அரை நாள் வேலை, ஆனால் ஒரே தடவை செய்ய வேண்டியது.

உள்ளூர் கணினியில் கான்ஃபிக்:கேஷ் ஓட்டாமல் இருப்பதே நல்லது. இதை ஒரு பழக்க வழக்கமாகச் சொல்லவில்லை, ஆபத்து இருக்கிறது. கான்ஃபிகரேஷன் கேஷ் ஆகியிருந்தால் பிஎச்பியூனிட்.எக்ஸ்எம்எல்-இல் நீங்கள் கொடுத்த டெஸ்ட் டேட்டாபேஸ் அமைப்பும் மதிக்கப்படாது. டெஸ்டில் ரெஃப்ரெஷ்டேட்டாபேஸ் என்ற ட்ரெய்ட் இருந்தால், மெமரியில் இருக்க வேண்டிய எஸ்க்யூலைட்டுக்குப் பதிலாக உங்கள் நிஜ டேட்டாபேஸின் எல்லா டேபிள்களையும் தூக்கிவிட்டு மைக்ரேஷனை முதலிலிருந்து ஓட்டும். டெஸ்டுக்கு முன் கான்ஃபிக்:கிளியர் ஓட்டுங்கள் என்று லாராவெலின் ஆவணமே எச்சரிப்பது சும்மா இல்லை.

கான்ஃபிகரேஷன் சரியாகிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது? லாராவெல் 9-இன் பிற்பகுதியிலிருந்து ‘அபவுட்’ என்ற கட்டளை இருக்கிறது. அது கான்ஃபிக், ஈவென்ட், ரூட், வியூ ஒவ்வொன்றும் கேஷ் ஆகியிருக்கிறதா இல்லையா என்று காட்டும். கீழே கேஷ், க்யூ, செஷன் எந்த டிரைவரில் ஓடுகின்றன என்பதும் தெரியும். குறிப்பிட்ட மதிப்பைப் பார்க்க டிங்கரை (லாராவெலின் கன்சோல்) திறந்து மெயிலர் பாஸ்வேர்டை கான்ஃபிக்() வழியாக அச்சிடுங்கள். பழையதே வந்தால் கேஷ் இன்னும் இருக்கிறது. புதியது வந்து, ஆனால் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் பிரச்சினை கேஷே இல்லை: பாஸ்வேர்டில் # இருக்கிறது, மேற்கோள் குறி போடவில்லை, அதற்குப் பின்னால் உள்ளதை .என்வ் படிக்கும் நூலகம் கமென்ட் என்று எடுத்துக்கொண்டது. இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் சரியாகும். இன்னொரு சாத்தியம், டாக்கரிலோ எஃப்பிஎம் பூல் ஃபைலிலோ அதே பெயரில் ஒரு சூழல் மாறி ஏற்கெனவே இருப்பது. அப்படி இருந்தால் அதுதான் ஜெயிக்கும், .என்வ்-இல் உள்ளது தோற்கும்.

டிங்கரில் புது பாஸ்வேர்ட் காட்டுகிறது, ஆனாலும் மெயில் போகவில்லை என்றால்? இங்கேதான் க்யூ (பின்னணியில் ஓட வேண்டிய வேலைகளின் வரிசை) வருகிறது. எந்த மெயில் போகவில்லை என்று பாருங்கள். நேரடியாக அனுப்பப்படும் மெயில் போய், க்யூ வழியாகப் போகும் இன்வாய்ஸ் மெயில் மட்டும் 535-இல் விழுந்தால், குற்றவாளி க்யூ:வொர்க், அதாவது அந்த வேலைகளைச் செய்யும் வொர்க்கர். அந்த ப்ராசஸ் தொடங்கியபோது படித்த கான்ஃபிகரேஷனையும் நிரலையும் மெமரியில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் ஓடும். டிஸ்க்கில் நீங்கள் எதை அழித்தாலும் அதற்குத் தெரியாது. க்யூ:ரீஸ்டார்ட் அந்த வொர்க்கர்களை, கையில் உள்ள வேலையை முடித்ததும் வெளியேறச் சொல்கிறது. மறுபடி எழுப்புவது, ப்ராசஸ்களைக் கண்காணிக்கும் சூப்பர்வைசரின் வேலை. சூப்பர்வைசரோ சிஸ்டம்டியோ இல்லாமல் டெர்மினலில் கையால் ஓட்டியிருந்தால் வொர்க்கர் செத்துக் கிடக்கும், கவனம். லாராவெலை மெமரியிலேயே வைத்து ஓட்டும் ஆக்டேனைப் பயன்படுத்தினாலும் இதே கதை, அங்கே ஆக்டேன்:ரீலோட்.

க்யூ:ரீஸ்டார்ட் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. அது ஒரு நேரக்குறியைக் கேஷில் எழுதுகிறது. ஒவ்வொரு வொர்க்கரும் தான் தொடங்கியபோது பார்த்த குறியையும் இப்போதுள்ள குறியையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் வெளியேறும். அதனால் டிப்ளாய் ஸ்கிரிப்டில் க்யூ:ரீஸ்டார்ட் முதலிலும் கேஷ்:கிளியர் அடுத்ததிலும் இருந்தால், வொர்க்கர் பார்ப்பதற்குள் குறி அழிந்துபோகலாம். தொடங்கியபோதும் குறி இல்லை, இப்போதும் இல்லை, எனவே ஒன்றும் மாறவில்லை என்று பழைய நிரலையே ஓட்டிக்கொண்டிருக்கும். சில டிப்ளாயில் சரியாகி, சிலவற்றில் சரியாகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ரீஸ்டார்ட் எப்போதும் கடைசி. கேஷ் டிரைவர் ‘அரே’ என்று இருந்தால் க்யூ:ரீஸ்டார்ட் பலிக்கவே பலிக்காது, ஏனென்றால் குறி அந்த ஒரு ப்ராசஸோடு மறைந்துவிடும்.

அடுத்தது எஃப்பிஎம் ரீலோட். ஓபிகேஷ் என்பது லாராவெலுடையது இல்லை, பிஎச்பியுடையது. தொகுத்த நிரலை எஃப்பிஎம் ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரியில் அது வைத்திருக்கும். ஆர்ட்டிசன் கட்டளை ஓடுவது டெர்மினல் பிஎச்பியில். அந்த மெமரி வேறு, இந்த மெமரி வேறு. எனவே எந்த ஆர்ட்டிசன் கட்டளையாலும் எஃப்பிஎம்மின் ஓபிகேஷை நேரடியாக அழிக்க முடியாது. ஓபிகேஷ்.வேலிடேட்_டைம்ஸ்டாம்ப்ஸ் 1 என்று இருந்தால் (டீஃபால்ட் அதுதான்) ஃபைல் மாறியதை அதுவே கண்டுகொள்ளும், ஆனால் டீஃபால்ட்டாக 2 வினாடிக்கு ஒரு முறைதான் சரிபார்க்கும். வேகத்துக்காக அதை 0 ஆக்கியிருந்தால் ரீலோட் செய்யும்வரை எந்த மாற்றமும் தெரியாது. இங்கே விசித்திரமான ஓர் அறிகுறி வரும்: கான்ஃபிக்:கிளியர் ஓட்டினால் புது பாஸ்வேர்ட் வேலை செய்கிறது, மறுபடி கான்ஃபிக்:கேஷ் ஓட்டினால் பழையது உயிர்பெற்று வருகிறது. காரணம் நேரானது. கிளியர் செய்தபின் கான்ஃபிக்.பிஎச்பி டிஸ்க்கில் இல்லை, லாராவெல் .என்வ்-ஐப் படிக்கிறது; .என்வ் பிஎச்பி ஃபைல் இல்லாததால் ஓபிகேஷில் சிக்காது. கேஷ் செய்ததும் அதே பெயரில் ஃபைல் வருகிறது, எஃப்பிஎம் தன் மெமரியில் உள்ள பழைய பிரதியை எடுத்து நீட்டுகிறது. ‘சிஸ்டம்சிடிஎல் ரீலோட்’ என்று போட்டு உங்கள் வெர்ஷன் எண்ணோடு எஃப்பிஎம் சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். இது ஒரு நொடி வேலை.

ஒவ்வொரு ரிலீஸையும் தனி ஃபோல்டரில் வைத்து ‘கரன்ட்’ என்ற சிம்லிங்கை (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) மாற்றுகிற முறையில் டிப்ளாய் செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், ஸ்கிரிப்ட் பாதையை டாக்குமென்ட்_ரூட் மாறியோடு அனுப்பினால் பிஎச்பிக்கு எப்போதும் ‘கரன்ட்’ என்ற ஒரே பாதைதான் தெரியும். அது எங்கே போகிறது என்பதைத் தன் ரியல்பாத் கேஷில் 120 வினாடி வரை நினைவில் வைத்திருக்கும். லிங்க் மாறியபின்னும் கொஞ்ச நேரம் பழைய ரிலீஸ் ஓடுவது இதனால். அந்த இடத்தில் ரியல்பாத்_ரூட் என்ற மாறியைப் போட்டால் என்ஜின்எக்ஸே உண்மையான பாதையைக் கண்டுபிடித்து அனுப்பும்.

பிளேட் வியூக்களைப் பொறுத்தவரை வியூ:கிளியர் பெரும்பாலும் தேவையே படாது. டெம்ப்ளேட்டின் மாற்ற நேரம் தொகுத்த ஃபைலின் நேரத்தைவிடப் பிந்தியதா என்று லாராவெல் பார்த்து, பிந்தியது என்றால் மறுபடி தொகுத்துக்கொள்ளும். இது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கில் -ஏ போட்டோ, டார் ஃபைலைப் பிரித்தோ ஏற்றினால் ஃபைல்களின் பழைய நேரம் அப்படியே பாதுகாக்கப்படும். நீங்கள் செவ்வாய்க்கிழமை திருத்திய டெம்ப்ளேட் வெள்ளிக்கிழமை ஏறுகிறது. நடுவில் வியாழக்கிழமை யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்ததால் பழைய பதிப்பு அன்றைய நேரத்தோடு தொகுக்கப்பட்டிருக்கிறது. லாராவெலின் கண்ணுக்குத் தொகுத்ததுதான் புதியது. ஏற்றிய பக்கம் மாறவே மாட்டேன் என்கிறது என்றால் வியூ:கிளியர் ஓட்டுங்கள். கிட் புல்லில் இது வராது, கிட் எடுக்கும் நேரத்தையே ஃபைலுக்குப் போடுகிறது.

ரூட் கேஷில் சொல்ல அதிகம் இல்லை. புது ரூட் சேர்த்தும் 404 வந்தால் ரூட்:கிளியர் அல்லது ரூட்:கேஷ். 8-க்கு முந்தைய வெர்ஷனில் ரூட் ஃபைலில் குளோஷர் (பெயரில்லா ஃபங்ஷன்) இருந்தால் ரூட்:கேஷ் பிழையோடு நின்றுவிடும். லாராவெல் 7 முதல், இரண்டு ரூட்டுக்கு ஒரே பெயர் வைத்திருந்தால் அதே கதி.

இனி, உங்கள் ஆறுதலுக்காக ஓட்டிய கேஷ்:கிளியர் பற்றி. அது தீங்கற்றது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன மற்ற ஃபைல்கள் எல்லாம் மூல நிரலிலிருந்து மறுபடி உருவாக்கக்கூடியவை. அழித்தால் நட்டம் கொஞ்சம் வேகம்தான். கேஷ்:கிளியர் அழிப்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் தரவு. ரெடிஸ் (மெமரியில் தரவு வைக்கும் சர்வர்) டிரைவரில் அது அந்த டேட்டாபேஸ் எண் முழுவதையும் ஃப்ளஷ்டிபி போட்டுத் துடைக்கும், கீ பெயர்களின் முன்னொட்டான ப்ரிஃபிக்ஸைப் பார்க்காது. ஒரே ரெடிஸில் இரண்டு தளங்கள் வெவ்வேறு ப்ரிஃபிக்ஸோடு ஒரே எண்ணைப் பகிர்ந்தால் இரண்டுமே காலி. இப்போதைய லாராவெல் அமைப்பில் பொதுவான இணைப்பு 0-ஆம் எண், கேஷ் 1-ஆம் எண் என்று பிரித்துவைத்திருப்பதால் செஷனும் க்யூவும் தப்பிக்கின்றன. பழைய ப்ராஜெக்டிலோ, யாரோ எண்ணை மாற்றிய இடத்திலோ எல்லாம் ஒன்றாகக் கிடந்தால், லாகின் செய்தவர்கள் அத்தனை பேரும் வெளியே தள்ளப்படுவார்கள், க்யூவில் காத்திருந்த வேலைகளும் தடயமில்லாமல் போகும். முதலில் கான்ஃபிக்/டேட்டாபேஸ்.பிஎச்பியில் ரெடிஸ் பகுதியைப் பாருங்கள், அப்புறம் கட்டளையைத் தட்டுங்கள். எந்த டிரைவரானாலும் தவறான லாகின் முயற்சிகளை எண்ணும் ரேட் லிமிட்டர் கணக்கு பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். ஃபைல் டிரைவரில் லாக்குகளும் (ஒரே வேலை ஒரே நேரத்தில் இருமுறை ஓடாமல் தடுக்கும் பூட்டுகள்) அதே ஃபோல்டரில் இருப்பதால் அவையும் சேர்ந்து போகும்.

ஆகவே முடிந்தவரை குறிவைத்து அழியுங்கள். ஒரே கீ போதுமென்றால் கேஷ்:ஃபர்கெட் என்று போட்டு கீயின் பெயரைக் கொடுக்கலாம். பயனர் உரிமைகளைக் கையாளும் ஸ்பாட்டியின் பெர்மிஷன் பேக்கேஜில் ரோலை நேரடியாக டேட்டாபேஸில் மாற்றிவிட்டு உரிமை வரவில்லை என்று தவிப்பவர்களுக்கு பெர்மிஷன்:கேஷ்-ரீசெட் என்று தனிக் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டாவிட்டால் அந்தக் கேஷ் 24 மணி நேரம் நிற்கும். சர்வர் திடீரென்று அணைந்து எழுந்தபின் வித்தவுட்ஓவர்லேப்பிங் (முந்தையது முடியும்வரை மறுபடி ஓடாதிருக்க) போட்ட ஷெட்யூல் வேலை ஓட மறுத்தால் ஷெட்யூல்:கிளியர்-கேஷ்.

கேஷ்:கிளியரே தோற்று, அனுமதியைச் சரிபாருங்கள் என்று சொன்னால் இரண்டு காரணங்கள். ஒன்று அது சொல்வதேதான்: யாரோ ஒரு முறை சர்வரின் முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ பயனராக (யூஆர்எல் ரூட் இல்லை) ஆர்ட்டிசன் ஓட்டியதால் ஃபைல்கள் அந்தப் பயனருக்குச் சொந்தமாகிவிட்டன, வெப் சர்வர் பயனரால் தொட முடியவில்லை. உடைமையை மாற்றிவிட்டு, இனி கட்டளைகளை வெப் சர்வர் பயனரின் பெயரிலேயே ஓட்டுங்கள். உபுண்டு, டெபியனில் ‘சூடோ -யூ’ போட்டு ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுப்பது தீர்வு இல்லை, அடுத்த ஆளுக்குத் திறந்துவைத்த கதவு. இரண்டாவது காரணத்தை அந்தச் செய்தி சொல்வதில்லை: ஸ்டோரேஜ்/ஃபிரேம்வொர்க்/கேஷ் ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்ற ஃபோல்டரே இல்லை. காலி ஃபோல்டர் கிட்டில் ஏறாததால் இது நடக்கும். உருவாக்கிவிட்டால் போதும். அதேபோல ‘வியூஸ்’ ஃபோல்டர் இல்லாவிட்டால் சரியான கேஷ் பாதை கொடுக்கவும் என்று வேறு விதமாகக் கத்தும்.

இப்போது ரூட் யோசனை. ஷேர்ட் ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்எச் (சர்வருக்குள் கட்டளை தட்டும் வழி) இல்லாதவர்கள் ஆர்ட்டிசன்::கால் வைத்து ஒரு யூஆர்எல் திறந்துவைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது பிடிக்காது, இரண்டு காரணங்களுக்காக. முகவரி தெரிந்த எவரும் உங்கள் கேஷை நொடிக்கு நொடி அழிக்கலாம். டேட்டாபேஸ் மூச்சுத் திணறும். அதைவிட முக்கியமானது, உங்களுக்கு அவசரமாக வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யாது. கேஷ் கெட்டுப்போனால் லாராவெலே எழும்பாது, ரூட் எங்கிருந்து ஓடும்? எடுத்துக்காட்டு: உங்கள் கணினியில் இருந்த பேக்கேஜஸ்.பிஎச்பியை அப்படியே சர்வரில் ஏற்றிவிட்டீர்கள், சர்வரில் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் இல்லை. அந்த ஃபைலில் பெயர் இருக்கும் ப்ரொவைடர் கிளாஸ் கிடைக்கவில்லை என்று தளமும் விழும், ஆர்ட்டிசனும் விழும். அப்போது ஆப்டிமைஸ்:கிளியர் என்று தட்டியும் பயனில்லை.

கைவசம் உள்ள எளிய வழி, ஃபைல் மேனேஜர். ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கமான சிபேனலில் திறந்து பூட்ஸ்ட்ராப்/கேஷ் ஃபோல்டருக்குள் .பிஎச்பி என்று முடியும் எல்லாவற்றையும் அழியுங்கள். .கிட்இக்னோர் ஃபைலையும் ஃபோல்டரையும் விட்டுவிடுங்கள். வியூஸ் ஃபோல்டரிலும் இதேபோல. பேக்கேஜஸ்.பிஎச்பி, சர்வீசஸ்.பிஎச்பி இரண்டும் அடுத்த ரிக்வெஸ்டில் தாமாகவே உருவாகும், அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இருந்தால். கான்ஃபிக்:கிளியர், ரூட்:கிளியர் செய்வதும் ஃபைலை அழிப்பது மட்டும்தான், அதில் வேறு மாயம் இல்லை. ஓபிகேஷ் இருக்கும் ஹோஸ்டிங் என்றால் சிபேனலில் பிஎச்பி வெர்ஷனை மாற்றித் திரும்ப வைப்பது பல இடங்களில் ப்ராசஸைப் புதுப்பித்துவிடும். எல்லா ஹோஸ்டிங்கிலும் இதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஒரு கணினியில் கான்ஃபிக்:கேஷ் ஓட்டி, அந்த ஃபைலை வேறு கணினிக்குக் கொண்டுபோவதும் வம்பு. அதில் ஸ்டோரேஜ் ஃபோல்டரின் முழுப் பாதையும் பதிந்திருக்கும். சர்வரின் லாக் ஃபைலில் உங்கள் லேப்டாப்பின் ஹோம் ஃபோல்டர் பெயரோடு ஃபைல் எழுத முடியவில்லை என்ற பிழை வந்தால் இதுவேதான். டாக்கரில் இமேஜ் கட்டும்போதே கேஷ் செய்பவர்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: கட்டும் நேரத்தில் நிஜ பாஸ்வேர்டுகள் இருக்காது, காலி மதிப்புகள் உறைந்துவிடும். கன்டெய்னர் தொடங்கும்போது என்ட்ரிபாயின்ட்டில் ஓட்டுங்கள்.

டிப்ளாயின்போது நான் பரிந்துரைக்கும் வரிசை: நிரலை எடுத்ததும் கம்போசர் இன்ஸ்டால், டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் இல்லாமல், பிறகு மைக்ரேட், ஃபோர்ஸோடு, பிறகு ஆப்டிமைஸ், எஃப்பிஎம் ரீலோட், க்யூ:ரீஸ்டார்ட். லாராவெல் 11 முதல் ஆப்டிமைஸ் ஒன்றே கான்ஃபிக், ஈவென்ட், ரூட், வியூ நான்கையும் கேஷ் செய்கிறது. 10 வரை கான்ஃபிக்கும் ரூட்டும் மட்டும், எனவே வியூ:கேஷை, ஈவென்ட் டிஸ்கவரி பயன்படுத்தினால் ஈவென்ட்:கேஷையும், தனியாகச் சேர்க்க வேண்டும். இதற்கு முன்னால் ஆப்டிமைஸ்:கிளியர் வேண்டாம். கான்ஃபிக்:கேஷும் ரூட்:கேஷும் தமது பழைய ஃபைலைத் தாமே அழித்துவிட்டுத்தான் எழுதுகின்றன. ஆப்டிமைஸ்:கிளியர் கேஷ்:கிளியரையும் சேர்த்தே ஓட்டும் என்பதால் ரெடிஸ் பற்றிச் சொன்ன அத்தனையும் அதற்கும் பொருந்தும். டீஃபால்ட் ஸ்டோர் டேட்டாபேஸாக இருந்து, ‘கேஷ்’ டேபிள் இன்னும் உருவாகவில்லை என்றாலோ, டேட்டாபேஸ் இணைப்பே கிடைக்கவில்லை என்றாலோ அது அந்தப் படியில் பிழை காட்டி நிற்கும். அப்போது கான்ஃபிக்:கிளியர், ரூட்:கிளியர், வியூ:கிளியர் என்று தனித்தனியாக ஓட்டுங்கள்.

சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மாறவில்லை என்பவர்களுக்கு இந்தக் கட்டளைகள் எதுவும் உதவாது, அது பிரவுசர் அல்லது சிடிஎன் விவகாரம். வீட் (சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டைத் தொகுக்கும் கருவி) பயன்படுத்தினால் ஃபைல் பெயரிலேயே ஹாஷ் இருப்பதால் இது அரிது. ஆனால் பப்ளிக் ஃபோல்டரில் ‘ஹாட்’ என்ற சின்ன ஃபைல் தவறி ஏறியிருந்தால், தளம் எல்லாவற்றையும் 5173 போர்ட்டில் லோக்கல்ஹோஸ்டிலிருந்து கேட்கும். அதை அழித்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் லாராவெல் வெர்ஷனும் ஹோஸ்டிங் வகையும் இல்லை, மெயில் க்யூ வழியாகப் போகிறதா என்பதும் இல்லை. கான்ஃபிக்.பிஎச்பி உறைந்திருக்கிறது என்பது நீங்கள் சொன்ன அறிகுறிகளிலிருந்து என் முதல் ஊகம், வொர்க்கர் இரண்டாவது, # குறி மூன்றாவது. மூன்றும் இல்லை என்றால் ‘அபவுட்’ கட்டளையின் வெளியீட்டையும், ஸ்டோரேஜ்/லாக்ஸ் ஃபோல்டரில் உள்ள லாக் ஃபைலின் கடைசி 20 வரிகளையும் பதிவிடுங்கள். பாஸ்வேர்டையும் ஆப் கீயையும் மறைத்துவிட்டுப் பதிவிடவும்.